கண்ணாடியில் விழுந்த சடை

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் சிறுமிகளுக்குப் பூச்சடை தைப்பார்கள். மல்லிகை மொட்டுகளை வரிசையாகப் பின்னலோடு ஊசிநூலால் தைத்து, உச்சியில் ராக்கொடி, நுனியில் குஞ்சலம். முடி போதாதவளுக்குச் சவுரி. அப்படியே ஸ்டுடியோவுக்கு நடை. ஆளுயரக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். முகமும் சடையும் ஒரே படத்தில் விழும். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கு உயிர். தைத்த அத்தைகளின் கைத்திறன் அதில் இருக்கிறது.

ஆனால் அதே கூந்தலை வைத்துத்தான் குணத்தையும் அளந்தார்கள். பின்னி முடித்தவள் அடக்கமானவள், விரித்துப் போட்டவள் அடங்காதவள். இந்த அளவுகோலை என்னால் மன்னிக்க முடியவில்லை. அளப்பதோடும் நிற்கவில்லை; கணவனை இழந்தவள் கூந்தல் களைந்ததைப் புறநானூறே சொல்கிறது. பிராமணக் குடும்பங்களில் அந்த மழிப்பு 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. என் பெரியபாட்டிக்காக நாவிதர் கொல்லைப்புறமாக வந்து போவார்.