நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரம்: நில வழக்குகள் வகுத்த எல்லை

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தை அதன் 368ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. திருத்த மசோதாவை இரு அவைகளும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், அன்று வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் அதை ஆதரிக்க வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 300 பேர் மட்டுமே வாக்களித்து, அவர்களில் 200 பேர் ஆதரித்தாலும் மசோதா தோற்றுவிடும்; 272 வாக்குகளாவது வேண்டும். மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு, குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் போன்றவற்றைத் தொடும் திருத்தங்களுக்கு, குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை. எந்தப் பகுதியையும் திருத்தவே கூடாது என்று 368 சொல்லவில்லை. அந்த எல்லை பின்னால், பெரும்பாலும் நில வழக்குகள் வழியாக வந்தது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுக்குள் முதல் திருத்தம் வந்துவிட்டது. அதற்கான காரணங்களில் இரண்டு சென்னை மாகாணத்தில் பிறந்தவை. ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த அரசாணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆணைப்படி 14 இடங்களில் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர்கள், அரிசனங்கள் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியரையும் கிறிஸ்தவரையும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. தீர்ப்பை எதிர்த்துச் சென்னையில் கிளர்ச்சி வெடித்தது. மூன்றாவது காரணம் பீகாரில். ஜமீன்தாரி ஒழிப்புக்காக இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டத்தை பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் ரத்து செய்திருந்தது.

1951 ஜூன் 18இல் அமலுக்கு வந்த முதல் திருத்தம் இவை மூன்றுக்கும் வழி கண்டது. பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகள் விதித்தது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய 15(4)ஐச் சேர்த்தது. நிலச் சட்டங்களைக் காக்க ஒன்பதாவது அட்டவணையை உண்டாக்கியது. அட்டவணையில் ஏறிய சட்டத்தை, அடிப்படை உரிமைக்கு முரண் என்று சொல்லி எந்த நீதிமன்றமும் நீக்க முடியாது என்பது அன்றைய ஏற்பாடு. முதலில் 13 சட்டங்களே அதில் இருந்தன. காலப்போக்கில் எண்ணிக்கை 284 ஆனது. உழுபவனுக்கு நிலம் கிடைக்க அன்று இதைவிட விரைவான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நிலத்துக்காகத் திறந்த கதவு வழியே, நிலத்துக்குச் சம்பந்தமில்லாத சட்டங்களும் பின்னர் உள்ளே வந்தன.

ஜமீன்தார்கள் முதல் திருத்தத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1951 அக்டோபரில், சங்கரி பிரசாத் வழக்கில், ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து சஜ்ஜன் சிங் வழக்கிலும் முடிவு அதுவே. ஆனால் இம்முறை ஹிதாயதுல்லா, முதோல்கர் ஆகிய இருவர் ஐயம் எழுப்பினர். அரசியலமைப்பின் அடிப்படை அம்சத்தை மாற்றுவதும் திருத்தம்தானா என்று முதோல்கர் கேட்டு வைத்தார்.

அந்த ஐயம் 1967இல் தீர்ப்பாக மாறியது. பஞ்சாபில் ஜலந்தரைச் சேர்ந்த கோலக்நாத் குடும்பத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. உச்சவரம்புச் சட்டம் அதில் பெரும்பகுதியை உபரி என்றது. 11 நீதிபதிகள் விசாரித்து, 6க்கு 5 என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் இனிமேல் கொண்டுவர முடியாது என்றனர். பழைய திருத்தங்களைச் செல்லாதவை என்றால் நாடு முழுவதும் முடிந்துபோன நிலச் சீர்திருத்தம் குலையும் என்பதால், தலைமை நீதிபதி சுப்பா ராவ் அவற்றைத் தொடவில்லை.

1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற இந்திரா காந்தி அரசு, அதே ஆண்டு 24ஆவது திருத்தத்தால் கோலக்நாத் தீர்ப்பைச் செயலிழக்கச் செய்தது. எந்தப் பிரிவையும் திருத்தலாம் என்றும், திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்றும் அது எழுதியது. இந்தத் திருத்தத்தைச் சோதிக்கும் வழக்காக அமைந்தது, காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்திருந்த வழக்கு. 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்டனர். மடத்தின் தரப்பில் பால்கிவாலா, கேரள அரசின் தரப்பில் சீர்வாய். 1973 ஏப்ரல் 24இல் 11 தனித்தனித் தீர்ப்புகள் வந்தன. நாடாளுமன்றத்துக்கு வரம்பு உண்டு என்று ஆறு பேர்; இல்லை என்று ஆறு பேர். இடையில் நின்றவர் எச்.ஆர். கன்னா. அடிப்படை உரிமை உட்பட எதையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றார் அவர். தலைமை நீதிபதி சிக்ரி, பெரும்பான்மையின் கருத்து இதுதான் என்று சுருக்கமாக எழுதிய தாளில் ஒன்பது பேர் கையெழுத்திட்டனர், நால்வர் மறுத்தனர். இன்றுவரை நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துவது அந்தத் தாளில் உள்ள கோட்பாடுதான். மடத்துக்கோ நிலம் திரும்பவில்லை. கேரளச் சட்டங்களை அட்டவணையில் சேர்த்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றே முடிவானது.

தீர்ப்பு வெளியான கையோடு, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி, கையெழுத்திட மறுத்தவர்களில் ஒருவரான ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கோட்பாட்டின் தேவையை நெருக்கடி நிலை காட்டியது. இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 1975 ஆகஸ்ட் 11இல் விசாரணைக்கு வரவிருந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் வரம்புக்கு அப்பால் வைக்கும் 39ஆவது திருத்தம் 7ஆம் தேதி மக்களவையிலும் 8ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது; மாநிலச் சட்டமன்றங்கள் அவசரமாகக் கூடி ஆதரிக்க, 10ஆம் தேதி ஒப்புதலும் கிடைத்தது. எழுதப்பட்ட நடைமுறை எதுவும் மீறப்படவில்லை. தடுக்க வேண்டிய பூட்டுகள் அனைத்தும் நான்கு நாளில் திறந்துகொண்டன. நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லும் என்றது. ஆனால் வழக்கையே பறித்த அந்த உட்பிரிவை, அடிப்படைக் கட்டமைப்பின் பெயரால் நீக்கியது.

1976இன் 42ஆவது திருத்தம், எந்தத் திருத்தத்தையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 368இலேயே எழுதியது. அடுத்து வந்த ஜனதா அரசு, அடிப்படை அம்சங்களை மாற்றப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற விதியைச் சேர்க்க முயன்றது. மாநிலங்களவை அதை ஏற்கவில்லை. 42ஆவது திருத்தத்தின் அந்தப் பகுதியை 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் நீதிமன்றம் நீக்கியது. அளவான அதிகாரத்தைப் பெற்ற நாடாளுமன்றம், அதைக் கொண்டே அதை அளவற்றதாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் வாதம்.

ஒன்பதாவது அட்டவணையின் எல்லையை முடிவு செய்ததும் நில வழக்கே. கூடலூர் ஜென்ம நிலங்கள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டத்திலிருந்து எழுந்த கோயல்ஹோ வழக்கில், 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டதே என்றனர். 1994இல் 76ஆவது திருத்தத்தால் அட்டவணையில் ஏறிய தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும். நீதிபதிகள் நியமன ஆணையத்தை உருவாக்கிய 99ஆவது திருத்தம் 2015இல் இந்தக் கோட்பாட்டால் வீழ்ந்தது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் அளித்த 103ஆவது திருத்தமோ, 2022இல் 3க்கு 2 என்ற கணக்கில் நிலைத்தது.