துப்பாக்கியும் துருவும்



புறநானூற்றின் 95ஆம் பாடலை உங்களுள் பலர் படித்திருப்பீர்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குத் திறந்து காட்டினான். அங்கே ஆயுதங்கள் அலங்காரம் குன்றாமல், நெய் பூசப்பெற்று, காவலோடு வைக்கப்பட்டிருந்தன. அதியமானுடைய ஆயுதங்களோ போரிலே சிதைந்து, கொல்லனுடைய சிறு பட்டறையிலே கிடந்தன. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியே தொண்டைமானை நாணச் செய்துவிட்டார் ஔவையார்.

அப்பாடலின் நயத்தை நாம் சுவைக்கிறோம். ஆனால், அதிலே அடங்கியுள்ள ஒரு சிறு செய்தியைக் கவனியாது விட்டுவிடுகிறோம். இரும்பைச் சேமித்து வைக்குமுன் அதன்மீது நெய் பூசிவைக்க வேண்டும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். நெய்ப்படலம் ஈரக் காற்றை இரும்பின் அருகே வரவொட்டாமல் தடுக்கும். வேலுக்கும் வாளுக்கும் அந்த நெய் போதுமானதாக இருந்தது. பின்னர்த் துப்பாக்கி வந்தது. அதற்கு நெய்யும் எண்ணெயும் மட்டும் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதை மனிதன் கண்டறிந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவ்வரலாற்றில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்கு என் பிழையொன்றே காரணம். ஆகையால் முதலில் அதனைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் பயின்ற நாளில் நான் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். ஐப்பசித் திங்களில் ஒருநாள் எங்களுக்குச் சுடும் பயிற்சி நடைபெற்றது. ‘.303’ என வழங்கும் பழைய ரகத் துப்பாக்கிகள் அவை. பயிற்சி முடிந்ததும், எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹவில்தார் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்தார். ஒவ்வொருவரும் தத்தம் துப்பாக்கிக் குழலினுள் கொதிநீரை ஊற்றிக் கழுவ வேண்டும் என்றார். நானோ இரசாயன வகுப்பு மாணவன். இரும்பு, நீர், காற்று ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும் என்பதை அந்த ஆண்டுதான் படித்திருந்தேன். இரும்புக்கு நீர் பகையென்பதைக் கூட அறியாத மனிதர் என்று அவரை மனத்துக்குள் எள்ளினேன். அவர் அப்பால் சென்ற சமயம் பார்த்து, நீர் ஊற்றாமலே துணியால் குழலை நன்றாகத் துடைத்து, எண்ணெயைத் தாராளமாகப் பூசி, ஆயுத அறையில் வைத்துவிட்டேன்.

அதன்பின் அடைமழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்துத் துப்பாக்கிகளைப் பார்வையிட்டார்கள். மற்றவர்களுடைய குழல்கள் கண்ணாடிபோல் மின்னின. என் குழலினுள் செம்பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்திருந்தது. ஹவில்தார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, எண்ணெய் அழுக்கை மூடும், கழுவாது” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று.

பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கியில் பயன்பட்டது கரிமருந்து. 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் கலந்த கலவை அது. எரிந்த மருந்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சும். நான்கு முறை சுட்டாலே குழல் கரிபிடித்து நாறும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நல்வாய்ப்பாக, அது நீரிலே எளிதில் கரையவும் செய்யும். எனவே அக்காலப் போர்வீரன் சுட்டு முடித்தவுடன் குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் பூசினான். விஞ்ஞானம் அறிந்து அவன் அப்படிச் செய்யவில்லை. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே கழுவினான்.

அக்காலத்தில் சக்கிமுக்கிக் கல்லின் பொறியே மருந்தைப் பற்றவைத்தது. பொறி பளிச்சிடுவதைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன்னரே பறந்துவிடுவதைப் பார்த்தார், ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத் என்னும் பாதிரியார். தட்டினால் வெடிக்கும் பொருள்களைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையொன்றை அவர் வகுத்து, 1807ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இம்முறை வளர்ந்து, சிறிய செப்புக் கிண்ணத்தில் வெடிபொருளை அடைத்த ‘கேப்பு’ ஆயிற்று. பின்னர் அக்கேப்பு தோட்டாவின் அடிப்பகுதியிலேயே இடம்பெற்றது. அதில் அடைத்த கலவைகளில் முக்கியமான ஒன்று பொட்டாசியம் குளோரேட்டு. இப்பெயரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் கள்வன் இதனுள்ளேதான் ஒளிந்திருக்கிறான்.

1884ஆம் ஆண்டில் பால் வியேய் என்ற பிரெஞ்சு இரசாயனி புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் ஐரோப்பியப் படைகள் யாவும் அவ்வகை மருந்துக்கு மாறின. புகை குறைந்தது, கசடும் குறைந்தது. சுட்ட பிறகும் குழல் ஏறக்குறையத் தூய்மையாகவே காணப்பட்டது. இனி இரும்பினுள் நீரை ஊற்றுவானேன் என்று எண்ணிப் பலர் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, எண்ணெயோடு நிறுத்திக்கொண்டனர்.

அப்போதுதான் புதிர் பிறந்தது. மாலையில் துடைத்து எண்ணெயிட்ட குழல், சில நாள் சென்று பார்த்தால் துருவேறியிருக்கும். மறுபடியும் துடைப்பார்கள், மறுபடியும் துருப்பிடிக்கும். புகையில்லா மருந்தைச் செய்ய நைட்ரிக் அமிலம் வேண்டும். ஆதலின், அமில எச்சம் எஃகின் நுண்ணிய துளைகளில் புகுந்து ஒளிந்திருந்து, பிறகு வியர்வைபோல் கசிந்து வருகிறதென்று பலர் கருதினர். அந்த அமிலத்தை அடக்குவதற்கென்று விதவிதமான எண்ணெய்களையும் கரைசல்களையும் பூசிப் பார்த்தனர். அக்கறையில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஆயினும் நோய் ஒன்றாக இருக்க, மருந்து வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டது.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்ற இரசாயனி, குழலில் தங்கும் எச்சத்தை ஆராயத் தொடங்கினார். அவர் கண்ட முடிவு மிக எளியது. குற்றவாளி புகையில்லா மருந்து அன்று; அதனைப் பற்றவைக்கும் கேப்பே. கேப்பிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு வெடிக்கும்போது தன் பிராணவாயுவை இழந்து, பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. அதுவும் நம் வீட்டுச் சமையலுப்பைப் போன்ற ஓர் உப்பே. அது கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகக் குழல் முழுவதும் படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைக் கடந்தால் அது ஈரத்தை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். எஃகின்மேல் உப்புநீர் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரையில் வாழ்பவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பிழை எங்கே என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. உப்பின்மேல் எண்ணெய் பூசுவது புண்ணுக்குப் புனுகு பூசுவதையே ஒக்கும். உப்பைக் கரைக்க வல்லது நீரே. 100 கிராம் நீர், சாதாரண வெப்பத்தில் அவ்வுப்பில் 34 கிராமைக் கரைக்கும். கொதிக்கும்போது 56 கிராமைக் கரைக்கும். அன்றியும், கொதிநீரால் சூடேறிய குழல் விரைவில் தானே உலர்ந்துவிடும். இரும்பின் பகையாகிய நீரே, தக்க முறையில் பயன்பட்டால், இரும்பின் மருந்தும் ஆகிறது. ஆங்கிலேயப் படையில் குழலினுள் கொதிநீர் ஊற்றும் வழக்கம் நெடுங்காலம் நின்று நிலவிற்று. அதற்கெனத் தனிப் புனலும் இருந்தது. எங்கள் ஹவில்தார் அம்மரபில் வந்தவர். காரணம் அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, வழி தெரிந்திருந்தது. எனக்குப் பாடம் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை.

நோயின் மூலம் தெரிந்த பின்னர் அதனை அடியோடு நீக்கும் முயற்சியும் வெற்றி பெற்றது. 1928ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ‘சினாக்ஸிட்’ என்ற துருப்பிடிக்கச் செய்யாத கேப்புக் கலவை உருவாயிற்று. அதில் குளோரேட்டு இல்லை. எனினும் படைகள் நன்கு பழகிய பழைய கலவையை எளிதில் கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில்கூட அமெரிக்கப் படையின் பெருவாரியான துப்பாக்கித் தோட்டாக்களில் குளோரேட்டுக் கேப்புகளே இருந்தன. குழலின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சிட்டு எஃகைக் காக்கும் வழக்கமும் பையப் பையப் பரவிற்று.

இவ்வளவு நடந்தபின் கவலை தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அமெரிக்கரும் அவ்வாறே நினைத்தனர். 1960-களின் நடுவில் வியத்நாம் போரில் ‘எம்-16’ என்னும் புதிய துப்பாக்கியை வீரர்களிடம் கொடுத்தனர். துடைக்கவே தேவையில்லாத துப்பாக்கி அது என்ற பேச்சு படையில் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகள் போதிய அளவு வழங்கப்படவில்லை. தோட்டா மருந்தின் வகையை மாற்றியிருந்ததால் கசடு மிகுந்தது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. அந்நாட்டின் புழுக்கமும் மழையும் அவ்வறையை அரித்தன. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளிவராமல் இறுகிக்கொண்டது. போரின் நடுவே துப்பாக்கி சிக்கிக்கொண்டு மடிந்த இளைஞர்கள் உண்டு. செய்தி வீட்டுக் கடிதங்கள் வாயிலாகப் பரவி, 1967ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று விசாரணை நடத்திற்று. அதன்பின் அறைக்குக் குரோமியம் பூசினார்கள், கருவிகளை வழங்கினார்கள். வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரரைக் கொண்டு, துப்பாக்கியைப் பேணும் முறையைச் சித்திரக்கதை வடிவில் அச்சிட்டும் கொடுத்தார்கள். அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது அது இல்லை என்றே எண்ணிவிடும் மனித இயல்பு, முன்னொரு முறை துப்பாக்கியைக் கெடுத்தது. இம்முறை உயிரையே வாங்கிற்று.

துப்பாக்கியைச் சேமித்து வைப்பதில் இன்றும் கையாளப்படும் ஒழுங்கு இவ்வரலாற்றின் சாரமே ஆகும். முதலில், உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் கையாலும் உறுதி செய்ய வேண்டும். உப்புத் தங்கும் பழைய வகைத் தோட்டாவாயின் வெந்நீரால் கழுவி, ஈரம் சிறிதுமின்றித் துடைக்க வேண்டும். அதன்பிறகே மெல்லிய எண்ணெய்ப் படலம். பல்லாண்டு வைப்பதாயின் எண்ணெய் வழிந்தோடிவிடும். அதற்குக் கெட்டியான மசகுப் பூச்சு வேண்டும். அமெரிக்கப் படை ‘காஸ்மோலின்’ என்னும் பெட்ரோலியப் பசையில் துப்பாக்கிகளைத் தோய்த்துப் பெட்டிகளில் அடுக்கியது. பூசிய பின் உலோகத்தை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு. தோலுறையில் இட்டு வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழல்வாயைத் துணியால் அடைத்தல் அதனினும் தவறு. மீண்டும் சுடுமுன் குழலிலுள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட வேண்டும்.

நண்பர்களே, நூலகத்தில் இவற்றையெல்லாம் படித்தறிந்த பின் ஒருநாள் ஹவில்தாரிடம் சென்று, என் பிழையையும் அதன் காரணத்தையும் சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார். பின்னர் ஆயுத அறையிலிருந்து அதே துப்பாக்கியை எடுத்து வந்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆயினும் அது தின்ற இடங்களில் எஃகு சிறு சிறு குழிகளாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவற்றைப் போக்க எந்த எண்ணெயாலும், எந்த நீராலும் இயலாது. அந்தத் துப்பாக்கியின் எண் எனக்கு இன்றும் மறக்கவில்லை.