குடும்பக் குடியேற்ற மனுவும் மணநிலை மாற்றமும்

அமெரிக்காவில் வாழும் உறவினர் தாக்கல் செய்யும் ஐ-130 மனு, பயனாளியின் திருமணத்தாலோ விவாகரத்தாலோ வகை மாறலாம். சில வேளை அடியோடு ரத்தாகும். தாம்பரம், குரோம்பேட்டைக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது எஃப்2பி வகையை. கிரீன் கார்டு உள்ள பெற்றோர், 21 வயது நிரம்பிய மணமாகாத பிள்ளைக்குப் போடும் மனு இது. பெற்றோர் குடியுரிமை பெறுமுன் பிள்ளைக்குக் கல்யாணமானால் மனு தானாகவே ரத்து; பிறகு விவாகரத்து ஆனாலும் உயிர்பெறாது. பெற்றோர் குடிமக்களாக இருந்தால், அத்தகைய பிள்ளைக்கான எஃப்1 மனு, கல்யாணமானதும் மணமான பிள்ளைக்கான எஃப்3 ஆகும். முன்னுரிமைத் தேதி அப்படியே நிற்கும், காத்திருப்புதான் பெரும்பாலும் நீளும். உடன்பிறந்தோருக்கான எஃப்4 வகைக்குத் திருமணம் தடையில்லை.

“கோயிலில்தானே தாலி கட்டினோம், பதியவில்லையே” என்ற சமாதானம் எடுபடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பதிவு விடுபட்டாலும் திருமணம் செல்லும். ஆகவே சார்பதிவாளர் முத்திரையிட்ட நாளல்ல, முகூர்த்த நாளே கணக்கு. அதை மறைத்து மும்பை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலுக்குப் போவது பொய்த் தகவல் தருவதாகும். நிரந்தரத் தடை வரை போகக்கூடும். எஃப்1, எஃப்2பி பயனாளிகள் விசா கைக்கு வந்த பிறகும், அமெரிக்காவில் நுழைவு அனுமதி பெறும்வரை மணமாகாதவராகவே இருக்க வேண்டும்.