பாரிஸ் டு குயிலாப்பாளையம், வழி: பாலைவனம்

பாண்டிச்சேரி என்றால் பீச் ரோடு, ஒயிட் டவுன், அப்புறம் 'அந்த' மேட்டர் என்று நம்ம ஆட்கள் மூன்றோடு முடித்துவிடுவார்கள். :-) 1969ல் பாரிஸிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு தரை வழியாகவே இங்கே வந்து சேர்ந்த கதை அதிகம் பேர் அறியாதது. ஆரோவில்காரர்கள் இதை 'முதல் கேரவன்' என்கிறார்கள்.

1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் தொடக்க விழா. 124 நாடுகளிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவந்து தாமரை மொட்டு மாதிரி இருக்கும் கலசத்தில் போட்டார்கள். மண் வந்தாச்சு, மனுசங்க வரணுமே! அடுத்த வருஷமே வண்டி கிளம்பிவிட்டது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழி வருகிறவர்களுக்கு வழக்கமான ரூட் ஒன்று இருந்தது. இஸ்தான்புல், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தஹார், காபூல், கைபர் கணவாய், லாகூர். ஈரானின் கிழக்குப் பக்கத்திலிருந்து காந்தஹார் வரை பெரும்பாலும் பொட்டல்தான். இதில் ஒரு வேடிக்கை பாருங்க, ஹெராத்-காந்தஹார் ரோட்டைப் போட்டுக் கொடுத்தது சோவியத் யூனியன், காந்தஹார்-காபூல் ரோடு அமெரிக்கா உபயம். பனிப்போரில் போட்டி போட்டுப் போட்ட ரோட்டில் ஹிப்பிகள் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபோக்ஸ்வேகன் வேன் அந்த ரூட்டில் அவ்வளவு பிரபலமானதற்கு ஒரு எஞ்சினியரிங் காரணமும் உண்டு. அது காற்றாலேயே குளிரும் எஞ்சின், ரேடியேட்டருக்குத் தண்ணி தேடி அலைய வேண்டாம்.

இவ்வளவு தாண்டி வந்தவர்களுக்கு இங்கே காத்திருந்ததும் ஒரு பொட்டல்தான்! குயிலாப்பாளையம் பக்கம் 'ஆஸ்பிரேஷன்' என்று கீற்றுக் குடில்கள் போட்டுத் தங்கினார்கள். சுற்றிலும் செம்மண் மேடு. மழை பெய்தால் மண்ணோடு தண்ணீர் சிவப்பாகக் கடலுக்கு ஓடும்.

இதை அவர்கள் 'பாலைவனம்' என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் அதற்கு முன்பே இருந்த ஊர்கள். அந்த மேட்டில் வானம் பார்த்து விதைத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஆனா காடும் மலையும் காய்ந்து போனால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அந்தக் கணக்கில் பார்த்தால் அது பாலைதான், காடு அழிந்து உண்டான பாலை. வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, பல லட்சம் மரம் வைத்து அதை மறுபடி காடாக்கினார்கள். குழி வெட்டியதிலும் தண்ணீர் ஊற்றியதிலும் அந்த ஊர்க்காரர்களின் கூலி உழைப்பும் நிறைய. வண்டியில் வந்தவர்களுக்குக் கதை இருக்கு, கடப்பாரை பிடித்தவர்களுக்கு?

1974ல் இரண்டாவது கேரவன் வந்தது. 1979ல் ஈரானில் புரட்சி, அதே டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்த ரூட்டுக்கு அத்தோடு மங்களம்.

2021 டிசம்பரில் 'கிரவுன் ரோடு' போட ஆரோவிலுக்குள் புல்டோசர் வந்தது. நட்டு வளர்த்த மரங்களுக்கு முன்னால் ஆட்கள் போய் நின்றார்கள். இந்தத் தடவையும் பிரச்சினை ஒரு ரோடுதான்.