வயலில் இருந்து வரும் வானிலைச் சேதி



மழையை அளந்து எழுதி வைக்கிற வேலை இன்னிக்கு நேத்து வந்ததில்லை. சென்னையில் 1792-லேயே வானாய்வுக்கூடம் கட்டினார்கள். 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. 1945 முதல் விவசாயிகளுக்கென்று தனி வானிலை அறிக்கை வானொலியில் வந்தது. ஆனா அது பெரிய பரப்புக்குப் பொதுவான சேதி. நம்ம ஊருக்கு என்ன என்று அதில் தெரியாது.

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரில் ஒரு மையம் வைத்து, சுற்று ஊர்களுக்கு வயர்லெஸ் மூலம் தகவல் அனுப்பியது. எம்பலத்தில் கோயிலில் இருந்த மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்து போனில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்து ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஜனங்களைக் காப்பாற்றினார்கள். சேதி இருந்தா மட்டும் போதாது, போய்ச் சேரணும்.

வானிலைக் கணக்கை வைத்தே நஷ்டஈடு தரும் பயிர்க்காப்பீடும் வந்தது. இப்போ வயலிலேயே கம்பம் நட்டு, மழை, வெப்பம், காற்று அளக்கும் சென்சார் வைக்கிறார்கள். அது ரேடியோ அலையில் வீட்டுப் பக்கம் இருக்கும் பெட்டிக்குச் சேதி அனுப்பும். சிக்னல் விட்டுப்போனா கணக்கில் ஓட்டை விழும். மழை வரும் நேரத்தில் மருந்தடித்து, காசும் உழைப்பும் வீணாகும்.

சிக்னலை மைனஸ் எண்ணில் காட்டும். அதை நான் கடன் மாதிரி நினைத்துக்கொள்வேன். பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 70 நல்ல சிக்னல், மைனஸ் 110 பலவீனமான சிக்னல். நட்டபோது நல்லா இருந்தது, கரும்பு வளர்ந்ததும் குறையும். ஈர இலை அலையை இழுத்துக்கொள்ளும், தகரக் கூரை மறிக்கும். ஆண்டெனாவைப் பயிருக்கு மேலே உயர்த்தி, நேராக நிறுத்தி, இணைப்பை இறுக்கணும். பெட்டியையும் உயரத்தில் வைக்கணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி எண்ணைப் பார்த்தால்தான் எதனால் சரியானது என்று புரியும்.

சேமிப்பு, கடன் எல்லாம் வாரம் தவறாம எழுதுகிறோம். சென்சார் உள்ள குழுக்கள் சிக்னல் எண்ணுக்கும் அதே நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். எண் எந்த வாரம் இறங்கியது என்று அந்த நோட்டே காட்டிக் கொடுக்கும்.