தாச்சா, உசாத்பா, இஸ்பா: ரஷ்ய நாட்டுப்புற வீடுகள்

நகரத்துக்கு வெளியே நிற்கும் வீட்டை ரஷ்யர்கள் ஒரே பெயரால் அழைப்பதில்லை. இஸ்பா, உசாத்பா, தாச்சா, கத்தேஜ் என்று பிரித்தே சொல்வார்கள். இந்தப் பெயர்களைப் பிரிப்பது சுவரும் கூரையும் என்று தோன்றும். பெரும்பாலும் பிரிப்பது நிலத்தின் உரிமைதான்: யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, திரும்பப் பிடுங்க முடியுமா என்பதே.

இஸ்பா இதற்கு விலக்கு. கட்டுமானமே அதன் அடையாளம். பைன் அல்லது ஸ்ப்ரூஸ் மரத்தின் முழுத்தண்டுகளை மூலைகளில் வெட்டிப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் பாசியைத் திணித்துக் கட்டிய குடியானவர் வீடு அது. உள்ளே அடுப்பு பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சமைப்பது, குளிர்காய்வது, கிழவர்கள் ஏறிப் படுப்பது எல்லாம் அதில்தான். அடுப்புக்குக் குறுக்கெதிர் மூலையில் திருவுருவப் படங்கள் இருக்கும். புகைபோக்கி வைக்காத ‘கருப்பு இஸ்பா’வில் புகை அறைக்குள்ளேயே சுழன்று கதவு வழியாக வெளியேறியது; ஏழைக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டிலும் இப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. மரம் குறைந்த தெற்குப் புல்வெளிகளில், களிமண் பூசி வெள்ளையடித்த வீடு ‘ஹாத்தா’ எனப்பட்டது. உக்ரைனிலும் அதே சொல்தான்.

பிரபுக்களின் நிலத்துக்குத் தொடக்கத்தில் இரண்டு பெயர்கள். பரம்பரையாக வந்தது, விற்கவும் எழுதிவைக்கவும் உரிமையுள்ளது, வோத்சினா. அரசருக்குச் சேவை செய்வதற்கு ஈடாகக் கிடைத்தது பமேஸ்த்யே. சேவை நின்றால் நிலமும் போய்விடும். 1478இல் நோவ்கொரோதைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த மூன்றாம் இவான், அங்கிருந்த பிரபுக்களின் நிலங்களைப் பறித்துத் தன் சேவகர்களுக்குப் பங்கிட்டார். பமேஸ்த்யே முறை வேரூன்றியது அதிலிருந்துதான். 1714இல் முதலாம் பீட்டரின் ஆணை இவ்விரண்டு வகைகளுக்கும் இருந்த வேற்றுமையை நீக்கியது.

ஆனால் நிலம் இருந்தும் பிரபுக்கள் அங்கே வாழவில்லை. படையிலும் அலுவலகத்திலும் கட்டாயச் சேவை அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1762இல் மூன்றாம் பீட்டர் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார். அடுத்த நூறாண்டு உசாத்பாவின் காலம். தூண்கள் வைத்த மாளிகை, இருபுறமும் சிறகுக் கட்டடங்கள், தேவாலயம், குளம், லிண்டன் மரச்சாலை, குதிரை லாயம், இவற்றையெல்லாம் இயக்கிய பண்ணையடிமைகளின் குடியிருப்பு எல்லாம் சேர்ந்ததே உசாத்பா. மாளிகை மட்டும் அன்று. மாஸ்கோவை அடுத்த ஒஸ்தான்கினோவில் ஷெரமேத்யெவ் குடும்பம் நாடக அரங்கே மாளிகையின் நடுவாக அமையக் கட்டியது. நடித்தவர்கள் அடிமைகள். அவர்களில் ஒருவரான பிரஸ்கோவியா ஜெம்சுகோவாவுக்கு விடுதலை அளித்து, 1801இல் கோமகன் நிக்கலாய் ஷெரமேத்யெவ் அவரை மணந்தார். புஷ்கினின் மிகாய்லவ்ஸ்கொயே, துர்கேனிவின் ஸ்பாஸ்கொயே, டால்ஸ்டாய் பிறந்த யாஸ்னயா போல்யானா எல்லாம் உசாத்பாக்களே. ரஷ்ய இலக்கியத்தின் ஒரு பகுதி அடிமை உழைப்பில் நின்ற இந்த வீடுகளில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டுத்தான் அவற்றின் அழகைப் பலரும் புகழ்கிறார்கள்.

1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. கூலியில்லா உழைப்பு போனதும் உசாத்பாக்கள் கடனில் மூழ்கத் தொடங்கின. 1904இல் மேடையேறிய செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ இந்தத் திருப்பத்தைத்தான் காட்டுகிறது. அதில் அடிமைக் குடும்பத்தில் பிறந்து வணிகனான லபாகின் சொல்லும் யோசனை எளியது: தோட்டத்தை வெட்டி, மனைகளாகப் பிரித்து, தாச்சா கட்ட வாடகைக்கு விடுங்கள்.

தாச்சா என்றால் கொடை. 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அது அளந்து வழங்கிய நிலத்தையே குறித்தது; வனத்துறையில் அந்தப் பழைய பொருள் இன்றும் உண்டு. மாஸ்கோவின் திமிர்யாசிவ் வேளாண் கழகத்துக்குரிய ஆய்வுக் காட்டின் பெயரிலும் தாச்சா இருக்கிறது, வீடு இல்லை. முதலாம் பீட்டர் பீட்டர்ஹோஃப் சாலையோரம் அரசவையினருக்கு மனைகள் கொடுத்து, வீடு கட்டச் சொன்ன பிறகே சொல் வீட்டின் பக்கம் நகர்ந்தது. பிறகு ரயில் வந்தது. 1837இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து த்ஸார்ஸ்கொயே செலோவுக்கும் மறு ஆண்டு பாவ்லவ்ஸ்குக்கும் பாதை திறந்தது. குமாஸ்தாவும் மருத்துவரும் கோடையில் குடும்பத்தைத் தாச்சாவில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வர முடிந்தது.

புரட்சிக்குப் பிறகு கொடுப்பவர் மாறினார். கொடையின் குணம் மாறவில்லை. சோவியத் ஆட்சியில் அரசுத் தாச்சா பதவியோடு வந்தது, பதவியோடு போனது. ஸ்டாலின் 1953இல் இறந்தது குன்த்செவோ தாச்சாவில். 1991 ஆகஸ்டில் கோர்பச்சோவைச் சிறைவைத்த இடமும் கிரிமியாவின் ஃபாரோசிலிருந்த அரசுத் தாச்சாவே. எழுத்தாளர்களுக்கென்று 1930களில் பெரெதெல்கினோ தாச்சாக் குடியிருப்பு உருவானது. அங்கே பாஸ்தர்நாக் வாழ்ந்து 1960இல் இறந்த வீடு அவருக்குச் சொந்தமில்லை, எழுத்தாளர் நிதியத்துக்குரியது. 1984இல் நிதியம் அவர் குடும்பத்தை வெளியேற்றியது. 1990இல் அதே வீடு அவருக்கு நினைவு அருங்காட்சியகமாயிற்று.

சாதாரணத் தொழிலாளிக்கு 1949இன் அரசுத் தீர்மானத்தால் கிடைக்கத் தொடங்கியது தோட்ட மனை. ‘ஆறு சோத்கா’ என்று பழமொழிபோல் ஆகிவிட்ட அதன் அளவு 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட். பழமரமும் காய்கறியும் வளர்க்கத்தான் மனை. வீட்டின் பரப்பு, மாடி, அடுப்பு என்று நெடுங்காலம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மக்களோ கிடைத்த பலகையையும் பழைய சன்னலையும் வைத்துக் கட்டிய கொட்டகையைத் தயங்காமல் தாச்சா என்றார்கள். 1980களின் இறுதியில் ‘அடிமைப் பெண் இஸௌரா’ என்ற பிரேசில் தொடர் தொலைக்காட்சியில் ஓடியதும், அதே மனைக்கு ‘ஃபஸேந்தா’ (பெரும்பண்ணை) என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1990களின் நெருக்கடியில் பல குடும்பங்கள் உருளைக்கிழங்குக்கு நம்பியிருந்தது இந்த நிலத்தைத்தான்.

அதே 1990களில் புதுப்பணக்காரர்கள் எழுப்பிய செங்கல் வீடுகள் கத்தேஜ் ஆயின. ஆங்கிலத்தில் சிற்றில்லத்தைக் குறித்த சொல், ரஷ்யாவில் இரண்டு மூன்று மாடியும் உயர்ந்த மதிலும் கொண்ட வீட்டைக் குறிக்கிறது.

2019 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தாச்சா மனை என்ற தனி வகையையே எடுத்துவிட்டது. இப்போது சட்டத்தின் கண்ணில் இருப்பவை தோட்ட மனையும் காய்கறி மனையும். முன்னதில் ஆண்டு முழுதும் வாழத்தக்க வீடு கட்டலாம். பின்னதில் கருவிகளையும் விளைச்சலையும் வைக்க, அடித்தளம் போடாத கொட்டகைக்கு மட்டுமே அனுமதி.