கடலின் மேல் மௌனம்: காதங்கி வானமும் விமான வானொலியின் வரலாறும்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூரில், 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு திடல் உள்ளது. அதில் 1024 யாகி ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக வானத்தை நோக்கி நிற்கின்றன. அங்கிருந்து கடல் தெரியாது. விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையும் அங்கில்லை. ஆயினும், கடலின் மேல் பறக்கும் விமானியின் குரல் சில இரவுகளில் கரையை எட்டாமல் போவது ஏன் என்ற வினாவுக்கான விடையின் ஒரு பகுதி அந்தத் திடலில்தான் கிடைத்தது.

நிலத்தின் மேல் பறக்கும் விமானங்கள் வி.எச்.எஃப். வானொலியில் பேசுகின்றன. அந்த அலை நேர்கோட்டில் செல்வது. 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,350 கிலோமீட்டருக்கும் மேல். இரு கரைகளிலிருந்தும் குரல் எட்டிய பின்னரும் நடுக்கடலில் ஓர் ஊமை வெளி எஞ்சுகிறது. அங்கே எச்.எஃப். வானொலியே நெடுங்காலம் துணையாக இருந்தது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலைகள் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பித் தொலைதூரக் கரையை அடைகின்றன. ஆகவே கடலின் மேல் நடக்கும் ஒவ்வோர் உரையாடலிலும் மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் வானம்.

அந்த மூன்றாமவர் நம்பத்தக்கவர் அல்லர், அதிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில். 1938இல் பெரு நாட்டின் உவான்காயோவில் எடுக்கப்பட்ட பதிவுகளில், இரவில் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கிலிருந்து திரும்பும் எதிரொலி கலைந்து பரவுவதை புக்கரும் வெல்ஸும் கண்டறிந்து எழுதினர். சூரியன் மறைந்ததும் கீழடுக்குகள் விரைவில் கரைகின்றன. எஃப் அடுக்கு மேலெழுகிறது. அடர்த்தி குறைந்த பிளாஸ்மா, நீரடியில் பிறந்த குமிழிபோல அதனூடே மேலேறுகிறது. இந்தக் கலக்கத்தில் சிக்கும் வானொலி அலை சிதறி, குரல் மங்கிப்போகிறது.

இந்திய வானில் இதை நுணுகிப் பார்க்க வாய்த்த இடங்களுள் காதங்கி முதன்மையானது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் எம்.எஸ்.டி. ரேடார் 1990களின் தொடக்கத்தில் அங்கே செயல்படத் தொடங்கியது. அதை வடிவமைத்தது சமீர் நிறுவனம். திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு அது அண்டை வீட்டு ஆய்வுக்கூடம் ஆயிற்று. 2005இல் அந்த ரேடார் நிலையம் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்று பெயர் மாறியது. வளிமண்டலக் காற்றை அளக்கவே பெரிதும் கட்டப்பட்ட கருவி அது. அயனி மண்டலத்தில் மூன்று மீட்டருக்கும் குறைவான அளவுடைய கலக்கங்களையும் அது காட்டித் தந்தது, கேளாமல் கிடைத்த கொடை.

வானொலியின் இந்த நம்பகமின்மை மனிதரிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது என்பதை விமான வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. எச்.எஃப். இரைச்சலை மணிக்கணக்கில் கேட்டிருக்க இயலாது என்பதால் விமானிகள் ஒலியை அடக்கிவைத்து, தரையிலிருந்து செல்கால் மணி ஒலித்தால் மட்டும் பதில் பேசினர். மறுமொழி வராவிட்டால், அலைவரிசை கெட்டிருக்கும் என்றே தரையிலிருப்போர் முதலில் எண்ணினர். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவும் இருந்தது. வர வேண்டிய செய்தி வராமல் 30 நிமிடம் கடந்தால் ஐயநிலை அறிவிக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி சொல்கிறது. ஆனால், நூறு முறை பொய்த்த ஐயத்தை நூற்றோராம் முறை எழுப்புவதற்கு மனம் தயங்கும்.

2009 ஜூன் 1ஆம் நாள் இரவு அதுவே நேர்ந்தது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த ஏர் பிரான்ஸ் 447, உலக நேரம் 1:35க்குப் பிரேசில் கட்டுப்பாட்டாளருடன் எச்.எஃப்.இல் பேசியது. செல்கால் சோதனையும் நிறைவாக முடிந்தது. அடுத்த ஒரு நிமிடத்துக்குள், எல்லைப் புள்ளியான டாசிலை எப்போது கடப்பீர்கள் என்று கட்டுப்பாட்டாளர் மூன்று முறை கேட்டார். பதில் இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்த டக்காருடன் தரவு இணைப்பு ஏற்படுத்த விமானிகள் மூன்று முறை முயன்றனர். பறப்புத் திட்டம் டக்கார் கணினியில் இல்லாததால் மூன்றும் நிராகரிக்கப்பட்டன. 2:14க்கு விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 228 பேரும் இறந்தனர். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் பனியால் அடைபட்டதும், அதன்பின் விமானம் நிலைகுலைந்ததுமே விபத்தின் காரணம். தகவல் தொடர்பின்மை அன்று. ஆனால் பின்னர் நடந்ததுதான் இங்கே பொருட்படுத்தத் தக்கது. டக்கார் கட்டமைப்பில், திட்டப்படி நகரும் ஒரு கற்பனை விமானம் உருவாக்கப்பட்டது. மெய்யான விமானம் கடலடியில் கிடக்க, கற்பனை விமானம் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. முதல் அபாய அறிவிப்பு 8:22க்குத்தான் ஐரோப்பிய மையங்களிலிருந்து எழுந்தது. விதியை எழுத்துப்படி கொண்டால், விமானம் விழுவதற்கு முன்னரே ஐயநிலைக்கான வேளை வந்துவிட்டது என்று வாதிட இடமுண்டு.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2017 செப்டம்பர் 6 அன்று நடந்தது. எக்ஸ் 9.3 என்னும் பேரளவுச் சூரியச் சுடர் வெடித்தபோது, பிரேசில், பிரெஞ்சு கயானா கரைகளுக்கு அப்பால் பறந்த, தரவு இணைப்பில்லாத ஒரு விமானத்தின் எச்.எஃப். தொடர்பு ஏறத்தாழ 90 நிமிடம் அறுந்தது. உடனே எச்சரிக்கைநிலை அறிவிக்கப்பட்டது. நியூயார்க் வானொலிக்கு இருப்பிடச் செய்தி கிடைத்த பிறகே அது விலக்கப்பட்டது. விமானத்துக்கு ஒன்றும் நேரவில்லை. ஆண்டுகள் எட்டு கடந்தபின், மௌனத்தை ஐயுற ஒருவாறு கற்றுக்கொண்டிருந்தனர் எனலாம். எனினும் இடையில், 2014 மார்ச் 8 அன்று, எம்.எச். 370 கோலாலம்பூரிலிருந்து ஹோ சி மின் மையத்துக்குக் கைமாறும் வேளையில் மறைந்தது. விமானம் எங்கே என்ற வினா எழவே ஏறத்தாழ 20 நிமிடம் ஆனது. மீட்பு மையம் இயங்கத் தொடங்க நான்கு மணி நேரம் சென்றது. அந்த இரவில் குறுக்கே நின்றது அயனி மண்டலம் அன்று. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இரு மையங்களுக்கும் இருந்த எண்ணம்.

செயற்கைக்கோள் வழியான தரவு இணைப்பு இன்று எச்.எஃப்.இன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. இதனால் வானத்தின் தலையீடு ஒழிந்தது என்று கருதுவது பிழை. செயற்கைக்கோள் அலையும் அதே அயனி மண்டலத்தைத் துளைத்தே வர வேண்டும். பிளாஸ்மாக் குமிழியினூடே வரும்போது அது மினுங்கித் தடுமாறுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இக்குமிழிகள் மிகுதி. சூரியன் வீறுகொண்ட ஆண்டுகளில் இன்னும் மிகுதி. அந்தி சாய்ந்த பின் காதங்கி வானில் எழும் குமிழிகள் நொடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகத்தில் கிழக்கே, வங்கக் கடலை நோக்கி நகர்கின்றன. சென்னையிலிருந்து தென்கிழக்காசியா செல்லும் இரவு விமானங்கள் கடலைக் கடப்பதும் அதே வானத்தின் கீழ்தான்.